மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்த மாணவர்

ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய மாதம். மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி நோக்கிப் போகிற சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். துறைமுகம், கப்பல் கட்டும் தளம், அனல்மின் நிலையம், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று எல்லாமே பெரிது பெரிதாய் நிற்கும் கரை இது. அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். இவ்வளவுக்கும் நடுவில் ஓட்டுக் கட்டடமும் புதிய கான்கிரீட் கட்டடமுமாக நம் அரசுப் பள்ளிகள். இந்த மாதத்தில் அவற்றின் மைதானத்தில் சாமியானா பந்தல் ஏறும். ஸ்பீக்கர் செட் வரும். மாலையில் பள்ளி ஆண்டு விழா.

இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு நம்மைப் பேச அழைத்திருந்தார்கள். விழா தொடங்குவதற்கு முன்பு மைதானத்தைச் சுற்றி வந்தோம். சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் ஒத்திகைப் பாட்டு ஓடியது. பெஞ்சை இழுத்தபடியே அவள் கால்கள் அந்தப் பாட்டுக்குத் தப்பாமல் அடவு வைத்தன. “நல்லா ஆடறியே, நீ மேடையில இல்லையா?” என்று கேட்டோம்.

“டிரெஸ் வாடகை அறுநூறு ரூபா ணா. மேக்கப்புக்கு தனியா.”

“அம்மாகிட்ட கேட்டியா?”

“கேக்கவே இல்ல ணா. கேட்டா எங்கனா வாங்கி குடுத்துடும். அப்புறம் குழுப் பணம் கட்ட முடியாது.”

அவள் அம்மா ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். வாரக் கடன் தவணை வந்து நிற்கிற நாள் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆசிரியரிடம் கேட்டோம். “ஆசைப்பட்டவங்க எல்லாரும் சேரலாம்னுதான் சார் சொன்னோம்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அறிவிப்பு எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. ஆனால் மேடை ஏறிய பிள்ளைகளையும் பெஞ்சு தூக்கிய பிள்ளைகளையும் பிரித்து எண்ணிப் பார்த்தபோது, ஊர்த் தெருவும் காலனியும் பிரிகிற இடத்தில்தான் அந்தக் கோடும் விழுந்திருந்தது.

யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ‘நம் பள்ளி’ என்று ஒரு பிள்ளை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் உணர்வு எங்கே பிறக்கிறது, எங்கே தடுக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விளையாட முடியாமல் போன பிள்ளை

இதே மண்ணில், அன்றைய ஒன்றுபட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கம் கோழியாளம் என்ற ஊரைச் சேர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1939-ல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற தன்வரலாற்றில் தம் மாணவப் பருவத்தைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறார். மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் அவர் படித்த இடத்தில் ஏறக்குறைய நானூறு மாணவர்கள். பத்துப் பேர் போக மற்ற எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். யாரோடாவது நட்பானால் சாதி என்ன, வீடு எங்கே, சொந்தக்காரர் யார் என்று கேட்பார்கள்; தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள் என்ற பயம் அவருக்கு. அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு கலைந்ததும் மற்ற பிள்ளைகள் எட்டிப் பிடிக்காதபடி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவார். கூடிப் படிக்க முடிந்தது, கூடி விளையாட முடியவில்லை. அந்த வேதனையை நினைத்து நினைத்துக் கலங்கியதாக எழுதுகிறார்.

கவனியுங்கள். அவரைப் பள்ளியில் சேர்க்க மறுக்கவில்லை. பாடம் மறுக்கப்படவில்லை. அவருக்கு இல்லாமல் போனது மணி அடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரமும், மணி அடித்த பிந்தைய அரை மணி நேரமும்தான். பாடத்துக்கு வெளியே இருக்கிற அந்த நேரத்தில்தான் நட்பு உண்டாகிறது, விளையாட்டு உண்டாகிறது, ‘நாங்கள்’ என்ற சொல் உண்டாகிறது. அந்தச் சொல்லுக்குள் இடம் கிடைக்காத பிள்ளைதான் பின்னாளில், 1924-ல், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுவிடம் எல்லாம் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னை மாகாண சட்டசபையில் கொண்டுவந்தார்.

அம்பேத்கர் கதையும் இதுதான். சாத்தாராவில் பள்ளி போகும்போது தனியாக உட்காரத் தன் கோணிச் சாக்கைத் தானே வீட்டிலிருந்து சுமந்துபோய், மாலையில் திரும்பச் சுமந்துவந்த பிள்ளை அவர். பள்ளியைக் கூட்டுகிற ஆள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டார். 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். பள்ளிக்கூடம் தராத கொண்டாட்டத்தை அவருடைய மக்கள் பம்பாயில் நடத்தினார்கள். அந்தப் பாராட்டுக் கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்தச் சிறிய கூட்டத்தில் கைமாறிய புத்தகம் எவ்வளவு தூரம் போனது என்பது 1956 அக்டோபரில் நாகபுரியில் உலகத்துக்கே தெரிந்தது. ஒரு மாணவனை மேடைக்கு அழைத்துக் கைதட்டுவது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆத்துப்பாக்கத்தில் ஏறாத கொடி

பழைய கதை பேசுகிறோம் என்று நினைக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமிர்தம். தலித் பெண். 2020 சுதந்திர தினத்தன்று ஊர்ப் பள்ளியில் தேசியக் கொடி ஏற்ற அவருக்கு முதலில் அழைப்பு இருந்தது. பிறகு, வர வேண்டாம் என்று தடுக்கப்பட்டார். அதற்கு முந்தைய குடியரசு தினத்திலும் கொடியேற்ற விடவில்லை என்று அவர் சொன்னார். செய்தி நாடெங்கும் பரவியது. வழக்குப் பதிவாகிக் கைது நடந்தது. ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல்துறை அதிகாரிகளும் வந்து நிற்க, அமிர்தம் கொடி ஏற்றினார்.

ஐந்து நாள் தாமதமாக ஏறிய அந்தக் கொடியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நமக்கு உறுத்தியது வேறு. ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடங்களில் மிட்டாய்க்காகவும் அணிவகுப்புக்காகவும் காத்திருக்கிற பிள்ளைகள், அன்றைக்குப் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தைப் படிக்கிறார்கள். யார் கயிற்றைப் பிடித்து இழுக்கலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்ற பாடம். ஊர்த் தெருப் பிள்ளையும் அதைப் படிக்கிறது, காலனிப் பிள்ளையும் படிக்கிறது. தேர்வில் வராத பாடம்தான், ஆனால் ஆயுளுக்கும் மறக்காது.

2022 சுதந்திர தினத்துக்கு முன்பு, அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது. பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொன்ன கடிதம். அதே ஆண்டு அக்டோபரில், இதே கும்மிடிப்பூண்டி வட்டாரத் தோக்கமூரில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற தீண்டாமைச் சுவர் அதிகாரிகள் முன்னிலையில் இடிக்கப்பட்டது. கல்லால் கட்டிய சுவரை ஜே.சி.பி. இடித்துவிடும். பள்ளி விழா மேடைக்கு முன்னால் நிற்கிற சுவர் கண்ணுக்குத் தெரியாது. அதை அடையாளம் காட்டத்தான் ஆள் வேண்டும்.

பளிச்சென்று இருக்கிற பிள்ளைகள்

நாம் பார்த்த விழாக்களிலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம். சிறப்பு விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்கவும் பூங்கொத்து கொடுக்கவும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ‘பளிச்சுனு இருக்கிற நாலு பொண்ணுங்களக் கூப்பிடு’ என்று ஒரு குரல் கேட்கும். பளிச்சென்று என்றால் என்ன பொருள் என்று யாரும் விளக்குவதில்லை. கறுத்த பிள்ளைகள் தாங்களாகவே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். நாற்காலி தூக்க, தண்ணீர் கேன் சுமக்க, விழா முடிந்து குப்பை பொறுக்க என்று வரும்போது வேறு பெயர்கள் கூப்பிடப்படும். யாரும் பட்டியல் போட்டு இதைச் செய்வதில்லை. பழக்கம்தான் பட்டியல் போடுகிறது.

அடுத்தது பாட்டு. சாதிப் பெருமை பேசும் திரைப்பாட்டு ஒன்று ஒலித்தால் மைதானத்தின் ஒரு பகுதி விசில் அடிக்கும். மறுபகுதி தலையைக் குனியும். ‘சினிமாப் பாட்டுதானே’ என்பார்கள். அடுத்த நாள் வகுப்பறையில் அந்தப் பாட்டின் ஒரு வரி போதும், ஒரு பையனைச் சீண்ட. 2025-ல் ஆண்டு விழாக்களில் சாதியை முன்னிறுத்தும் பாடல், துண்டு, கயிறு எதுவும் கூடாது என்று கல்வித்துறை அறிவுறுத்த வேண்டிய நிலை வந்தது.

கயிறு என்றதும் நினைவு வருகிறது. சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டிவரும் பழக்கத்தைத் தடுக்கச் சொல்லி 2019-லேயே பள்ளிக் கல்வி இயக்குநரகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு வந்ததும் அரசு பின்வாங்கியது. நான்கு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதி சொல்லித் துன்புறுத்துவதைத் தாங்க முடியாமல் பள்ளிக்குப் போகாமல் நின்றவர், ஆசிரியர்கள் கேட்டபோது உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பதில் அது. அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார்.

அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குவது, வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைத் தடுப்பது, வருகைப் பதிவேட்டில் மாணவர் சாதி தெரியாதபடி பார்த்துக்கொள்வது, சமூக நீதி மாணவர் படை அமைப்பது என்று நீளும் பரிந்துரைகள் அவை. அறிக்கையைப் பற்றித் தொலைக்காட்சியில் சண்டை போட்டவர்கள் பலர். நம் ஊர்ப் பள்ளியில் அதில் எது நடந்திருக்கிறது என்று போய்க் கேட்டவர்கள் சிலர்தான்.

நெய்தல் அணியில் யார்?

நல்லது நடக்கும்போது அதையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறலாம். மாநிலத்தில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று விருது. பணம் கட்டி நடனப் பள்ளிக்கும் பாட்டு வகுப்புக்கும் போக முடியாத பிள்ளைகளுக்கு இது திறந்த கதவு. நம் தெருக்களில் பறையும் உண்டு, கானாவும் உண்டு. சாவு வீட்டில் அடித்ததால் இழிவு என்று ஒதுக்கப்பட்ட கருவி, பள்ளி மேடையில் மாணவியின் தோளில் ஏறும்போது கேட்கிற ஓசையே வேறு. ஒன்று மட்டும் கவனம். பறை அடிக்கக் காலனிப் பிள்ளைகளையும், பரதம் ஆட ஊர்த் தெருப் பிள்ளைகளையும் கூப்பிட்டால் மேடையிலும் சாதித் தொழில்தான் நடக்கிறது என்று பொருள். எல்லாப் பிள்ளையும் பறை பழகட்டும். எல்லாப் பிள்ளையும் சதங்கை கட்டட்டும்.

2024-25-ல் வந்த இன்னொரு திட்டம் ‘மகிழ் முற்றம்’. பள்ளி மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாக்கி, அணிக்கு மாணவத் தலைவர்கள், பொறுப்பாசிரியர், போட்டிகள், மதிப்பெண் என்று நடத்துவது. தனியார் பள்ளிகளில் சிவப்பு, நீலம், பச்சை என்று இருந்த ‘ஹவுஸ்’ முறை அரசுப் பள்ளிக்குத் தமிழ்ப் பெயரோடு வந்திருக்கிறது.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் இதில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஐந்திணை என்றதும் நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் தொல்காப்பியத்தின் அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும், அதாவது அடிமைப்பட்டவர்களையும் ஏவல் செய்பவர்களையும், அன்பின் ஐந்திணைக்குள் வைக்கவில்லை. அதற்குப் புறம்பே நிறுத்தியது என்றுதான் உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். உழைக்கிறவர்களின் காதல் ஐந்திணைக்கு ஆகாது! அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நெய்தல் அணித் தலைவர், முல்லை அணித் தலைவர் என்று சட்டையில் பட்டை குத்திக்கொண்டு நிற்க முடிகிறது. இலக்கணம் மூடிய கதவைப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

திறக்கிறதா என்பது அணி பிரிக்கும் கையைப் பொறுத்தது. இந்த வட்டாரப் பள்ளிகளைப் பாருங்கள். தலித் பிள்ளைகள், கடற்கரைக் குப்பத்து மீனவப் பிள்ளைகள், ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகள், கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் வளரும் இலங்கைத் தமிழர் பிள்ளைகள், வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள். இவ்வளவு பேர் ஒரே மைதானத்தில் நிற்பது தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிக்கும் வாய்க்காது. ஒரே தெருப் பிள்ளைகளை ஒரே அணியில் போட்டுவிட்டால் ஊர் வேறு சேரி வேறு என்பது அணி வேறு அணி வேறு என்று ஆகிவிடும். கபடிப் போட்டியில் தொடங்கும் தகராறு தெருவுக்குப் போகும். குலுக்கல் போட்டுப் பிரித்தால், காலனிப் பிள்ளை அடித்த கோலுக்கு ஊர்த் தெருப் பிள்ளை துள்ளிக் குதிக்கும். கைதட்டும்போது கை சாதி பார்க்காது.

என்ன செய்யலாம்?

பெரிய பணம் தேவையில்லை. மனமும் கொஞ்சம் கணக்கும் போதும்.

முதலாவது, உடை. ஆண்டு விழாவுக்கு வாடகை உடை வேண்டாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவெடுங்கள். சீருடையிலேயே ஆடலாம், வீட்டிலிருக்கும் தாவணியில் ஆடலாம். உடை வேண்டும் என்றால் செலவு பொதுவாகட்டும். நம் பகுதித் தொழிற்சாலைகள் சமூகப் பொறுப்பு நிதியில் பையும் பெஞ்சும் கொடுக்கின்றன. கரை அவர்களுக்குப் போனது, காற்றில் புகையும் சாம்பலும் நமக்கு வந்தது. ஒரு பீரோ நிறைய மேடை உடைகள் கேட்பதில் கூச்சம் எதற்கு? அது பிச்சையில்லை, பாக்கி.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம். கூட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போகும் என்று நம் அம்மாக்கள் தயங்குகிறார்கள், உண்மைதான். தெருவுக்கு இரண்டு பேர் முறை வைத்தாவது போங்கள். விழாக் குழுவில் யார், விருந்தினர் யார், செலவு எவ்வளவு என்று கேளுங்கள்.

மூன்றாவது, வேலைப் பங்கீடு. வரவேற்பு, மேடை, நாற்காலி, குப்பை என்று எல்லா வேலைக்கும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஐந்து அணிக்கும் சுற்றுமுறை வையுங்கள். தலைமை ஆசிரியர் நினைத்தால் ஒரே நாளில் ஆகிற காரியம்.

நான்காவது, மேடையில் யார் பேசுவது. 2024-ல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் பேச வந்த ஒருவர், போன பிறவிப் பாவத்தால்தான் இந்தப் பிறவியில் குறைகளோடு பிறக்கிறோம் என்கிற விதமாகப் பேசினார். பார்வைக் குறைபாடுள்ள தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். கர்ம வினை என்ற சொல் நம்மை எத்தனை தலைமுறை குனிய வைத்தது என்று நமக்குத் தெரியும். விருந்தினராக அதே பள்ளியில் படித்துச் செவிலியரான காலனிப் பெண்ணை அழையுங்கள். வெல்டராகி வெளிநாடு போய்வந்த அண்ணனை அழையுங்கள். ஊராட்சித் தலைவர் தலித் என்றால் முதல் நாற்காலி அவருக்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பிரதிநிதியை அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஐந்தாவது, புகார். பள்ளியில் சாதி சொல்லிச் சீண்டினால் மறைக்காதீர்கள். நம்பிக்கையான ஆசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் கட்டணமில்லா எண்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியரும் அரசும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டோம். உங்களால் மட்டுமே முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. உங்கள் வகுப்பிலும் மணி அடித்த பிறகு வந்து, மணி அடித்ததும் ஓடிவிடுகிற பிள்ளை ஒருத்தர் இருக்கலாம். வெளியே மரத்தடியில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கலாம். கூச்ச சுபாவம் என்று விட்டுவிடாதீர்கள். போய் விளையாடக் கூப்பிடுங்கள். வீடு எங்கே, எந்தத் தெரு என்று கேட்காமல் கூப்பிடுங்கள். இரட்டைமலையாரை அன்றைக்கு ஒரே ஒரு பையன் அப்படிக் கூப்பிட்டிருந்தால், அவர் தன் வரலாற்றில் எழுதிய அந்த வரிகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். விழா முடிந்து நன்றியுரையும் ஆனபின், பந்தல்காரர் வர நேரமாகியது. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காலியான மேடையில் அவள் சீருடையோடு ஏறி ஆடினாள். குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமை ஆசிரியர் கிளம்புகிற வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “அடுத்த வருஷம் இவதான் முதல் ஆட்டம்” என்றார். அவர் சொன்னதை நாம் குறித்து வைத்திருக்கிறோம். அடுத்த பிப்ரவரியில் போய்ப் பார்ப்போம்.